சுவரில் இருக்கும் கோமதிநாயகம்

ஜனவரி 28

இப்படியெல்லாம் நடக்கும் என்று ஐந்து வருஷத்துக்கு முன்னாலேயே சொன்னவன் நான். வடிவு ஒருநாள் என் எதிரே வந்து சம்மணம் போட்டு உட்காருவாள், போனை நீட்டுவாள், பேரைக் காட்டச் சொல்லுவாள், நான் தில்லிக்குப் போக வேண்டிவரும், அங்கே குளிரும். எல்லாம் சொன்னேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, அது வேறு விஷயம். மனசுக்குள் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான்.

வடிவு என்கிற சண்முகவடிவு என் அண்ணன் வேலாயுதத்தின் ஒரே மகள். சங்கரன்கோவில் பக்கம் தபாலாபீசில் வேலை. அண்ணன் பட்டாளத்துக்காரன். எழுபத்தொன்று டிசம்பரில் கிழக்கே நடந்த சண்டையில் செத்துப்போனான். இவள் பிறந்தது அடுத்த பிப்ரவரியில். அப்பனும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவளுக்கு அப்பாவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இந்தச் சீனிச் சித்தப்பா சொன்னதுதான். அண்ணன் ஆற்றை நீந்திக் கடந்து எதிரியின் டாங்கிகளை மடக்கியதையும், ஜெனரலே வந்து கைகொடுத்ததையும் சொல்லிச் சொல்லித்தான் அவளுக்குச் சோறு ஊட்டினேன். ஒரு வாய்க்கு ஒரு டாங்கி. முதலில் மூன்றுதான் இருந்தது. பிள்ளை நன்றாகச் சாப்பிட்டதால் ஏழில் வந்து நின்றது.

தில்லியில் போர்களில் செத்த வீரர்கள் பேரையெல்லாம் கல்லில் வெட்டி நினைவிடம் கட்டியிருக்கிறார்கள். அதைத் திறந்த வருஷம் டீக்கடை டிவியில் காட்டினார்கள். நான் பேசாமல் டீயைக் குடித்திருக்கலாம். ஐம்பது வருஷம் மைக்செட் போட்ட வாய் சும்மா இருக்குமா? அகில இந்திய ஒலிபெருக்கி உரிமையாளர் மாநாட்டுக்குத் தில்லி போயிருந்தேன், அண்ணன் பேரைக் கண்ணால் பார்த்தேன், விரலால் தடவினேன் என்று சொல்லிவிட்டேன். அப்படியொரு மாநாடு நடந்ததா என்பதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மதினி போன ஐப்பசியில் காலமானார். காரியத்துக்கு வந்த வடிவின் புகுந்த வீட்டுச் சனம் ஒன்று, பட்டாளத்தில் செத்தவனுக்கு ஒரு காகிதம்கூடவா இருக்காது, ஆள் எங்கேயாவது வடக்கே குடித்தனம் பண்ணிக்கொண்டு இருப்பான் என்று பந்தியில் பேசியிருக்கிறது. முப்பது வருஷமாக ஜாடையாகப் பேசியதை இப்போது இலையைப் போட்டுவிட்டுப் பேசியிருக்கிறார்கள். வடிவு போனில் நினைவிடத்துப் பட்டியலைத் தேடியிருக்கிறாள். அந்த வருஷத்தில், அந்தச் சண்டையில், ஒத்துவருகிற வேலாயுதம் ஒருத்தனும் இல்லை.

"நீங்க தடவிப் பாத்தேன்னு சொன்னீகள்ல சித்தப்பா," என்றாள். "வாங்க. நானும் தடவணும்."

டிக்கெட்டை முன்பே போட்டுவிட்டு வந்துதான் கேட்கிறாள்.

ஜனவரி 30

வடிவு ஸ்வெட்டர் வாங்கி அனுப்பியிருக்கிறாள். மெரூன் கலர். போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். வெயிலில் வியர்த்துக் கொட்டியது. ராணுவ அமைச்சகத்திலிருந்து அழைப்பு என்று ரெண்டு பேரிடம் சொன்னேன். ரெண்டு பேரும் நம்பினார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 1

காய்ச்சல் வருமா என்று பார்த்தேன். வரவில்லை. என் உடம்பு அப்படி.

பிப்ரவரி 3, ரயிலில்

நேற்று கோவில்பட்டியில் ஏறினோம். ரயில் ஆடுகிற ஆட்டத்தில் எழுத்து கோணல்மாணலாக வருகிறது. மற்றபடி என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். ஒரு தடவை படித்துவிட்டு ஓடுகிறவர்களுக்கு அந்த ஆழம் வராது. ஒன்பதாம் வகுப்புக்கு நான் போகாததற்குக் காரணம், அதற்குமேல் எனக்குச் சொல்லித்தர அவர்களிடம் ஒன்றுமில்லை.

எதிர் சீட்டில் விருதுநகர் அம்மாள் ஒருத்தி. வடிவு பையிலிருந்து அவள் அப்பா படத்தை எடுத்தாள். இருக்கிற ஒரே படம் அதுதான். பட்டாள உடுப்பில், தொப்பியோடு, இடது கன்னத்தில் மச்சத்தோடு. அந்த அம்மாள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எனக்கும் அதே இடத்தில் அதே மச்சம் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"இவுக ரெண்டு பேருக்கும் குடும்பச் சொத்து," என்றாள் வடிவு. "எனக்குத்தான் பங்கு தரல."

மச்சம் ஆண் வழியில் மட்டும்தான் இறங்கும் என்று மதுரையில் ஒரு பெரிய டாக்டர் என்னிடம் சொன்னதைச் சொன்னேன். அந்த அம்மாளுக்கு இரண்டு பெண்கள், இரண்டு பேருக்கும் அம்மா மச்சமாம். பேச்சை மாற்றி வடைக்காரனைக் கூப்பிட்டேன்.

வடிவு விடவில்லை. அப்பாவின் பட்டாளப் பெட்டி பற்றிக் கேட்டாள். செத்த பிறகு வீட்டுக்கு வந்த கறுப்புத் தகரப் பெட்டி. அவள் சேலை வைத்திருப்பது அதில்தான். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் இருக்கிறது, கடைசி நாலு எண் ஏழு, பூஜ்யம், நாலு, ஆறு. நம்பருக்குமேல் பேர் இருந்த இடத்தை மட்டும் யாரோ சுரண்டி எடுத்திருக்கிறார்களே, ஏன் என்றாள். துரு என்றேன். துரு நேர்கோட்டிலா பிடிக்கும் என்றாள். தகரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அவளுக்குத் தெரியாது. குழாய் ஸ்பீக்கரெல்லாம் என்ன, தகரம்தானே.

நாக்பூர் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆள் இல்லாத தபாலை நாங்க 'விலாசதாரர் இல்லை'ன்னு எழுதி அனுப்புனவுகளுக்கே திருப்பிருவோம் சித்தப்பா. அதுலகூட ஒரு முடிவு இருக்கு. எனக்கு அம்பத்திரண்டு வயசாகுது. எங்கப்பா சண்டையில செத்தாகளா, எங்கம்மாவ விட்டுட்டு ஓடிட்டாகளா? ஒண்ணு இதுன்னு சொல்லுங்க, இல்ல அதுன்னு சொல்லுங்க. கல்லுல பேரு இல்லன்னா நான் அந்தப் படத்த வீட்டுல மாட்டமாட்டேன்."

வெளியே ஆரஞ்சுத் தோட்டமாக வந்தது. எண்ணிக்கொண்டு வந்தேன். இருபத்தாறு.

பிப்ரவரி 4

தில்லி. குளிர் பற்றிச் சொன்னது பொய்யில்லை. கரோல்பாகில் லாட்ஜ். என் இந்தியை ஆட்டோக்காரன் மிகவும் ரசித்தான். ரசித்த ரசிப்பில் வேறு எங்கோ கொண்டுபோய் விட்டுவிட்டான். வடிவு போனில் மேப்பைக் காட்டி மீட்டுக்கொண்டு வந்தாள்.

பிப்ரவரி 5

இன்று போனோம். பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் இதில் நான் கூட்டிச் சொல்ல எதுவுமே இல்லை.

நான் சுவர் என்றால் நேர்ச் சுவர் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வட்டம். வட்டத்துக்குள் வட்டம். நடுவில் ஒரு தூண், அதன் அடியில் நெருப்பு. இரவு பகல் அணைவதில்லையாம். எண்ணெயா, கேஸா என்று தெரிந்துகொள்ள எவ்வளவு எட்டிப் பார்த்தும் தெரியவில்லை. காற்று அடித்தால் சாய்கிறது, அணையவில்லை. மழைக்கு என்ன செய்வார்கள்? காவலுக்கு நின்ற சிப்பாயிடம் சைகையில் கேட்டேன். அவன் கண்ணைக்கூட அசைக்கவில்லை. ஈ ஒன்று மூக்கில் உட்கார்ந்திருந்தது, அதற்கும் அசையவில்லை. கால் மணி நேரம் அவனையும் ஈயையும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஈதான் தோற்றது.

சுற்றுச் சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கல். செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு கல்லுக்கு ஒரு ஆள். பொன் எழுத்து. ஊரில் கோயில் ட்யூப்லைட்டில் உபயம் எழுதுகிறவன்கூடப் பாதி வெளிச்சத்தை மறைத்துப் பேர் எழுதுவான். இங்கே அமைச்சர் பேர் பெரிசு, சிப்பாய் பேர் சிறிசு என்று கிடையாது. எல்லாம் ஒரே அளவு.

இன்னொன்று. அவ்வளவு கூட்டத்திலும் சத்தமில்லை. அதட்ட ஆள் இல்லை. உள்ளே வந்ததும் அவரவர் குரலை அவரவரே குறைத்துக்கொள்கிறார்கள். என் தொழிலில் இதை நான் பார்த்ததே இல்லை. ஒரு சர்தார்ஜி கல்லின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்க்கத் தேய்க்க எழுத்து காகிதத்தில் ஏறி வந்தது. இந்த வித்தையை நான் சின்ன வயதில் காலணா நாணயத்தில் செய்திருக்கிறேன். அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் அந்தக் காகிதத்தை நெற்றியில் ஒற்றிக்கொள்வதைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

பெயர் தேடித்தர ஒரு மேஜை இருக்கிறது. கணினி. உடுப்புப் போட்ட ஒரு இளைஞன். வடிவு 'வேலாயுதம்' என்று சொல்ல, அவன் அடித்தான். வேறு மாதிரியும் அடித்தான். வருஷத்தை வைத்தும் அடித்தான். பொறுமையான பையன். கடைசியில் கையை விரித்தான்.

வடிவு அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். எங்கே தடவினீர்கள், காட்டுங்கள் என்றாள்.

நடந்தேன். அந்தத் தடவை வேறு வாசல் வழியாக வந்தேன் என்றேன். ஒரு சுற்று. வெயில் அந்தப் பக்கம் இருந்தது என்றேன். இரண்டாம் சுற்று. மூன்றாம் சுற்றில் திரும்பிப் பார்த்தால் அவள் கூட வரவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள், படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு.

"சித்தப்பா. நெசமா இங்க வந்தீகளா?"

நான் நாலாம் சுற்றுக்குக் கிளம்பினேன். குளிர்.

பிப்ரவரி 6

வடிவு எழுந்திருக்கவில்லை. தலைவலி என்றாள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டீ குடித்து வருகிறேன் என்று கிளம்பினேன். டீக்கடை நினைவிடத்து வாசலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மேஜையில் அதே பையன். துண்டுக் காகிதத்தில் ஒரு பெயரை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். எனக்கு இங்கிலீஷில் நிற்காமல் எழுதவரும் பெயர் அது ஒன்றுதான். அவன் அடித்தான். உடனே வந்துவிட்டது. சிப்பாய் கோமதிநாயகம். நம்பர், நாள், சுவர், வரிசை எல்லாம்.

இவர் உங்களுக்கு யார் என்று இந்தியில் கேட்டான். அது எனக்குப் புரிந்தது. 'மை' என்றேன். நான் என்று அர்த்தம். பையன் சிரித்துவிட்டு, 'பாயி?' என்று திருத்தினான். அண்ணன் தம்பி என்று அர்த்தம். தலையை ஆட்டினேன். என் இந்தி சரியாகத்தான் இருந்தது.

இதை எழுதியே ஆக வேண்டும். ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் நான் சீனிப்பாண்டி. அது வீட்டில் கூப்பிட்ட பெயர். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தலைமையாசிரியர் வைத்து எழுதிய பெயர் கோமதிநாயகம். அந்தப் பெயரால் என்னைக் கடைசியாகக் கூப்பிட்டவர் எட்டாம் வகுப்பு வாத்தியார், பிரம்போடு.

அறுபத்தேழில் அண்ணனுக்கு இருபது வயது, எனக்குப் பதினேழு. அவன் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பட்டாளத்தில் அவர்கள் எட்டாம் வகுப்பு கேட்டார்கள். அண்ணன் என் சான்றிதழைக் கேட்டான். கொடுத்தேன். அவ்வளவுதான் விஷயம். சான்றிதழில் அங்க அடையாளம் என்று ஒரு வரி இருக்கும், இடது கன்னத்தில் ஒரு மச்சம் என்று. துணிக்குக் குறி போடுகிற சேங்கொட்டையின் பாலை ஊசி முனையில் தொட்டு அவன் கன்னத்தில் வைத்தோம். முகம் மூன்று நாள் வீங்கிக் கிடந்து, தோல் உரிந்து, மச்சம் பதிந்துவிட்டது. சான்றிதழ் போனது போனதுதான். அது இல்லாமல் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளவில்லை.

கல்யாணம் லீவில் வந்தபோது நடந்தது. பத்திரிகையில் வேலாயுதம், பட்டாளத்தில் கோமதிநாயகம். எழுதிக் கொடுத்தால் குட்டு உடைந்துவிடும் என்று மதினியை எந்தக் காகிதத்திலும் ஏற்றவில்லை. மதினிக்குப் படிக்கத் தெரியாது. வருகிற கடிதத்தை நான்தான் படித்துக் காட்டுவேன். அண்ணன் எழுதுவது நாலு வரி, மாடு எப்படி, மழை எப்படி. மதினி முகத்தைப் பார்த்து நான் ரெண்டு வரி சேர்த்துப் படிப்பேன். அந்த ரெண்டு வரியைத்தான் அவர் மறுபடி படிக்கச் சொல்லுவார்.

தந்தியையும் நான்தான் படித்தேன். அதில் என் பெயர் இருந்தது. நான் செத்ததாக நானே படித்தேன். படிக்கும்போது பெயரை மட்டும் மாற்றிப் படித்தேன். பெட்டி வந்த அன்றைக்கு அப்பா வெட்டரிவாளின் முனையால் மூடியைச் சுரண்டினார். வழக்கு வரும், வாயைத் திறக்காதே என்றார். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. நான் இன்னும் திறக்கவில்லை. நான் வாயே திறக்காத விஷயம் ஒன்று உண்டு என்று சொன்னால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.

கல் சரியாக என் கண் உயரத்தில் இருக்கிறது. எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒன்றும் தப்பில்லை. விரலால் தடவினேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் டீக்கடையில் சொன்னது, இன்றைக்கு உண்மையாகிவிட்டது. கல் ஐஸ் மாதிரி இருந்தது. செத்தவன் பேரைத் தடவினால் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கலாம். தன் பேரைத் தடவினால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவன் இந்த நாட்டிலேயே நான் ஒருவன்தான். அதைக்கூட யாரிடமும் சொல்ல முடியாது.

பெருக்குகிற அம்மாள் வந்து என் காலடியைச் சுற்றிப் பெருக்கிவிட்டு, மறுபடி வந்து, மறுபடியும் சுற்றிப் பெருக்கினாள். அவ்வளவு நேரம் நின்றிருக்கிறேன்.

லாட்ஜில் வடிவு படத்தை ஸ்வெட்டரில் சுற்றிப் பையின் அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போனதும் அதை எங்கே போடுவது என்று யோசிக்கிறவள் மாதிரி.

பிப்ரவரி 7

காலையில் சட்டை மாற்றும்போதே சொன்னேன், கிளம்பு தாயி, பேர் கிடைத்துவிட்டது என்று. அவள் நம்பவில்லை. நான் தனியாக ஆட்டோ பிடித்துப் போய்வந்தேன் என்பதையே நம்பவில்லை. கடைசியாக ஒரு தடவை வா என்றேன். என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். வந்தாள்.

கல்லுக்கு முன்னால் நிறுத்தினேன். படித்தாள். "இது யாரோ கோமதிநாயகம்," என்றாள்.

"ஒங்கப்பா."

"சித்தப்பா, போதும்." கோபமில்லை, அலுப்பு. "ஏழு டாங்கியையும் கேட்டேன், ஜெனரல் கைகுடுத்ததையும் கேட்டேன். இந்தக் கல்லுக்கு முன்னால நின்னும் ஒரு கதையா?"

நேற்று எழுதியதை அப்படியே சொன்னேன். சான்றிதழ், சேங்கொட்டை, தந்தி, அப்பாவின் வெட்டரிவாள். என் வாழ்நாளில் ஒரு விஷயத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. அவள் முகம் மாறவில்லை. பொய்யை இத்தனை வருஷம் நன்றாகச் சொன்னால் உண்மையைச் சொல்லும்போது இதுதான் கூலி. மேஜைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பையன் திரையைத் திருப்பிக் காட்டினான். வடிவு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நம்பரை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். கடைசி நாலு எண் வந்ததும் விரல் நின்றது. ஏழு, பூஜ்யம், நாலு, ஆறு. வாழ்நாளெல்லாம் சேலை எடுக்கத் திறந்த பெட்டி.

நாளைப் பார்த்தாள். மதினி வருஷா வருஷம் விரதம் இருந்த அதே டிசம்பர் நாள்.

படத்தை ஸ்வெட்டரிலிருந்து பிரித்து எடுத்தாள். என் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். என் மச்சம் மேடாக இருக்கும், நடுவில் ஒரு முடி. படத்தில் இருந்தது தட்டை. ஓரத்தில் மை கசிந்த மாதிரி. ஐம்பது வருஷம் பார்த்த படத்தை அவள் இன்றைக்குத்தான் பார்த்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எங்கம்மா சாகுறவரைக்கும் ஒரு காயிதத்துலயும் அவுக பெஞ்சாதின்னு பேரில்லாமப் போச்சு. ஊரு பேசுன பேச்சையெல்லாம் கேட்டுட்டு இருந்தா. நீங்க பக்கத்து வீட்டுல மைக்கு வச்சிருந்தீக."

நான் ஸ்வெட்டரை மடித்து அவள் பைக்குள் வைத்தேன். 

மறுபடி கல்லுக்குப் போனோம். அவள் பையைத் துழாவி ஒரு நீல இன்லண்ட் கடுதாசியையும் பென்சிலையும் எடுத்தாள். தபாலாபீஸ்காரி பையில் வேறென்ன இருக்கும். கடுதாசியை விரித்துக் கல்லில் வைத்து, நான் மேல் இரண்டு முனையைப் பிடிக்க, தேய்த்தாள். எழுத்து ஒவ்வொன்றாக மேலே வந்தது. கடைசி எழுத்து வந்தபோதுதான் அழுதாள், அதுவும் சத்தமில்லாமல். அந்த இடத்துப் பழக்கம் அவளுக்கும் வந்துவிட்டது.

அப்புறம் கேட்டாள்: "எங்கப்பாதான் ஒங்ககிட்ட கேட்டாகளா, அந்தச் சான்றிதழ?"

"ஆமா தாயி. அவனா வந்து கேட்டான்."

"நீங்க ஒடனே குடுத்திட்டீகளா?"

"கொடுத்தேன்."

அவ்வளவு பேர் பார்க்க, என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். படிப்பையே கொடுத்திருக்கிறீர்கள், இத்தனை நாள் அதைச் சொல்லிக்காட்டவே இல்லையே என்றாள். கொஞ்சம் முன்னால் கோபப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள். மைக்செட் போட்ட எந்த மேடையிலும் எனக்கு இப்படி நடந்ததில்லை. கால் கூசியது. தரை குளிர்தான் காரணம்.

பிப்ரவரி 9, ரயிலில்

படம் வடிவின் மடியில் நிமிர்ந்து இருக்கிறது. ரயில் பெட்டியில் இருக்கிற அத்தனை பேருக்கும் அவள் கதையைச் சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கொஞ்சம் கூடுகிறது. ஜான்சியில் நான் சான்றிதழைக் கொடுத்தேன். போபாலில் அழுதுகொண்டே கொடுத்தேன். நாக்பூரில் நான் டாக்டருக்குப் படிக்க வேண்டியவன், அண்ணனுக்காக விட்டுவிட்டேன். ரத்தம் பேசுகிறது. என்னிடம் கேட்டிருந்தால் நான்கூட இஞ்சினீயரோடு நிறுத்தியிருப்பேன்.

வழக்கமாக நான் திருத்தங்கள் சொல்லுவேன். மேல் பெர்த்தில் ஏறிப் படுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 11

வந்து சேர்ந்தோம். ஸ்வெட்டரைத் துவைத்துக் காயப்போட்டேன். சுருங்கிவிட்டது.

பிப்ரவரி 16

வடிவு போன் செய்தாள். படத்துக்குப் புதுச் சட்டம் போட்டு நடுவீட்டில் மாட்டிவிட்டாளாம், பக்கத்தில் இன்லண்ட் கடுதாசியைக் கண்ணாடிக்குள் வைத்து. பந்தியில் பேசிய ஆள் வந்து நின்று பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனாராம்.

அடுத்த செய்தி. நான் படித்த பள்ளிக்கூடத்தில் வருகிற மாதம் ஆண்டு விழா. தலைமையாசிரியை வடிவுக்குத் தெரிந்தவர். கதையைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டாராம். என்னை மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்த வேண்டுமாம். 'அண்ணனுக்காகப் படிப்பைத் துறந்த தம்பி' என்று பேனர். மைக்செட்டுக்கு வேறு ஆள் சொல்லியாகிவிட்டது, நீங்கள் ஒயரைத் தொடக் கூடாது, நாற்காலியில் உட்கார வேண்டும் என்றாள்.

ஐம்பது வருஷமாக மேடைக்குக் கீழே ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். மாலை போடுகிறபோது இரைச்சல் வராமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அந்த மாலை எப்படி இருக்கும், ஈரமாக இருக்குமா, கனக்குமா என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன்.

வேண்டாம் என்றேன்.  உடம்புக்கு என்ன சித்தப்பா, டாக்டரைப் பார்க்கலாமா என்றாள் வடிவு.

பிப்ரவரி 18

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வடிவு வருகிறாள், என்னைச் சம்மதிக்கவைக்க. வரட்டும். இந்த நோட்டை அவள் கையில் கொடுத்துவிடப் போகிறேன். வாயால் சொல்லமாட்டேன். வாயால் சொன்னால் பாதியிலேயே நான் நல்லவனாகிவிடுவேன், எனக்கே தெரியாமல்.

டாங்கி, ஜெனரல், மாநாடு, மதுரை டாக்டர், இதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். யாருக்கும் நஷ்டமில்லை. ஆறாம் தேதி எழுதியதில் ஒரு வரி மட்டும் தப்பு. அதையே ஏழாம் தேதி கல்லுக்கு முன்னால் நின்றும் சொன்னேன்.

அறுபத்தேழில் பாளையங்கோட்டை மைதானத்தில் ஆள் எடுத்தார்கள். வேடிக்கை பார்க்கப் போன நான் வரிசையில் நின்றேன். அண்ணன் எனக்குத் துணைக்கு வந்தவன், வேப்பமரத்து அடியில் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். மார்பை அளந்தார்கள், ஓடவிட்டார்கள், சான்றிதழைப் பார்த்தார்கள், தேறிவிட்டேன். பத்து நாளில் வந்து சேர வேண்டும் என்று என் பெயரை எழுதிக் காகிதம் கொடுத்தார்கள். காகிதத்தை வாங்கியதும் கால் நடுங்க ஆரம்பித்தது. பஸ்ஸில் நடுங்கியது, வீட்டில் நடுங்கியது. நான் தேறியதை ஊரில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் பெருமை சொல்லாத நாட்கள் அவைதான். வராவிட்டால் போலீஸ் வரும் என்று யாரோ சொன்னார்கள். 

நாலாம் நாள் அண்ணன் மிளகாய்த் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். போய் வரப்பில் நின்றேன். சொன்னேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. ஒரு பாத்தி நிரம்பியது, மடையை அடைத்து அடுத்த பாத்திக்குத் திருப்பினான். அதுவும் நிரம்பியது. மண்வெட்டியை வாய்க்காலில் அலசினான். அப்புறம் நிமிர்ந்து என் கன்னத்தைப் பார்த்தான்.

"மச்சத்துக்கு என்னடா செய்ய?" என்றான்.

அவன் கேட்டது அது ஒன்றுதான். சான்றிதழை அவன் கேட்கவில்லை. எனக்குப் பதிலாக நீ போகிறாயா என்று கேட்டது நான்.